உயர்தர வகுப்புக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் நாங்கள் எடுத்துக்கொண்ட உயர்தர (ஏ/எல்) வகுப்புக் கட்டட வேலை முடிந்துவிட்டது. கூரை பிரித்து வேய்ந்து, சுவர் பூசி, மின்சார வயர்களையும் மாற்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தாயிற்று. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக அனுப்புகிறார்.

"இடித்துப் போட்டு மாடியாகக் கட்டலாமே" என்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ளவர்கள் கேட்டீர்கள். சுண்ணக்கல் சுவருக்கு ஒரு குறையும் இல்லை. பழுது மேற்பூச்சில்தான். எப்போதோ யாரோ சுண்ணாம்புச் சாந்துக்கு மேலே சீமெந்து பூசியிருந்தார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. அதை முழுக்கக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம். சுண்ணாம்பு ஆறுதலாகத்தான் இறுகும். வேலை இழுபட்டதற்குக் காரணம் அதுதான். கூரையில் தச்சு ஆசாரியார் பனஞ்சலாகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டவை அப்படியே மேலே போயின. கறையான் தின்றவற்றை மட்டும் மாற்றினோம்.

இந்த வளவில் மேற்படிப்பு நேற்றுத் தொடங்கியதல்ல. 1823இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தை ஆரம்பித்தார்கள். டானியல் பூவர் முதல் அதிபர். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள். ஆங்கிலம் படித்த பெடியள் மத ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று மிசன் மேலிடத்துக்கு மனக்குறை. 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகத்தில் நமக்குள்ள ஆசை அன்றைக்கே பெரிய தலையிடிதான்! ஊரவர் விடவில்லை; 1872இல் கல்லூரி பிறந்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான வகுப்புகளுக்கு முதலில் இடம் கொடுத்ததும் வட்டுக்கோட்டைதான்.

சரி, எல்லோரும் ரியூசனுக்கு ஓடுகிற காலத்தில் வகுப்பறைக்கு ஏன் இவ்வளவு செலவு? மூன்று பாடம், இரண்டு வருடம், அப்புறம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் இசட் புள்ளி, மாவட்டவாரியான இட ஒதுக்கீடு என்று இந்தப் பிள்ளைகள் படுகிற பாடு பெரிது. ரியூசன் கொட்டிலில் குறிப்பு எழுதலாம். விளங்காத கணக்கைக் கூட்டாளியோடு இருந்து செய்து பார்க்க அங்கே இடம் கிடையாது. வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் கடைசி அறையில் நீள மேசைகளைப் போட்டு, பாடசாலை விட்ட பிறகும் இருந்து படிக்க அதிபரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

கூரைத் தண்ணீர் வடிகிற பின்பக்கப் பீலி இன்னும் பூட்டவில்லை. மாரி மழைக்கு முன் பூட்ட வேண்டும். மிச்சக் காசு அதற்குப் போதும். இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம். உங்களிடம் சும்மா கிடக்கும் உயர்தரப் பாடப் புத்தகங்கள் இருந்தால் அவற்றைக் கொடுத்துவிடுங்கள். சுவரில் சீமெந்து பூச மட்டும் இனி எவரையும் விடாதீர்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்