சாவுக்கு 24 மணி நேரம், நோய்க்கு எத்தனை? தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2021 ஜூலை 4 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று உங்கள் ஆணையம் மகாராஷ்டிரத் தலைமைச் செயலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. விசாரணைக் கைதியாக மருத்துவமனையில் கிடந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு உயிர்காக்கும் சிகிச்சை உட்பட எல்லா மருத்துவமும் கிடைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விடுமுறை நாளிலும் வேலை பார்த்திருக்கிறீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்டீஸுக்குக் காரணமான புகாரின் தேதி மே 16. நடுவில் 49 நாள். நோட்டீஸ் போன மறுநாள் மதியம் அவர் இறந்துவிட்டார்.

வன்முறைக்குச் சதி செய்ததாக அவர் மீதும் போட்ட பீமா கோரேகான் வழக்கு, பயங்கரவாதத்துக்கு எதிரானது என்னும் ஊபா சட்டம், ஜாமீனை எட்டாக்கனியாக்கும் அதன் 43டி(5) பிரிவு, இவையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். வழக்குக்குள் நான் போகவில்லை. நான் பேச வந்தது ஒரு டம்ளரைப் பற்றி.

என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருடம் நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். காபி டம்ளரை அவர் வாய்க்குக் கொண்டு போகும்போது விளிம்பு பல்லில் தட்டும். டக் டக் டக் என்று அடுத்த அறை வரைக்கும் கேட்கும். பாதி சட்டையில், கால்வாசி தரையில், மிச்சம்தான் வாய்க்குள். காபி போனதைவிட, நாங்கள் அதைப் பார்த்துவிட்டோம் என்பதுதான் அவருக்குப் பெரிய வலி. அப்புறம் மூடி போட்ட ஒரு சிப்பரும் ஸ்ட்ராவும் வாங்கி வந்தோம். அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது. யாரிடமும் மனு போட வேண்டியிருக்கவில்லை.

திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த அந்தப் பாதிரியாரை 2020 அக்டோபர் 8-ஆம் தேதி ராஞ்சியில் கைது செய்தபோது அவருக்கு வயது 83. அதே நடுக்குவாதம், இரண்டு காதும் சரியாகக் கேட்காது. நவி மும்பை தலோஜா சிறையிலிருந்து, தன் சிப்பரும் ஸ்ட்ராவும் திரும்ப வேண்டும் என்று நவம்பர் 6-ஆம் தேதி நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. கிடைத்தது. 20 நாள் கழித்து வந்த பதில், அவரிடமிருந்து அப்படி எதையும் நாங்கள் கைப்பற்றவே இல்லை என்பது. சரி, கைப்பற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல எதற்கு 20 நாள்? ஊரெல்லாம் கொதித்து, மக்கள் தபாலில் சிப்பர் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் சிறை நிர்வாகம் ஒன்றைக் கொடுத்தது.

அதுவரை அவர் எப்படிச் சாப்பிட்டார்? அவர் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. அதே வழக்கில் கைதாகியிருந்த அருண் ஃபெரைரா காலையும் மதியமும் சாப்பிட உதவினார். வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவினார். அறையில் கூட இருந்த இரண்டு ஏழைக் கைதிகள் ராத்திரி சாப்பாட்டுக்குத் துணையிருந்து, துணி துவைத்து, முட்டியும் பிடித்துவிட்டிருக்கிறார்கள். மனித உரிமை என்ற பெயரில் சம்பளம் வாங்கும் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2021 மே 21 அன்று காணொளி வழியாக மும்பை உயர் நீதிமன்றத்திடம் அவரே சொன்னார். சிறைக்கு வந்தபோது தானாகச் சாப்பிட முடிந்தது, நடக்க, குளிக்க, கொஞ்சம் எழுதவும் முடிந்தது, எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது, இப்போது யாராவது கரண்டியால் ஊட்ட வேண்டியிருக்கிறது என்று. அன்றைக்கு உங்கள் கணக்கில் அந்தப் புகாருக்கு வயது ஐந்து நாள். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த மாதக் கடைசியில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே பார்த்தால் கொரோனா. ஜூலை 5-ஆம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்த செய்தியை மருத்துவர்தான் நீதிமன்றத்தில் சொன்னார்.

எங்களுக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம், உத்தரவிட முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 12(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறதே? எந்தச் சிறைக்குள்ளும் போய்க் கைதிகளின் நிலையைப் பார்க்கலாம் என்கிறது அது. 2006-இல் திருத்தம் வந்த பிறகு, மாநில அரசுக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டிய நிபந்தனைகூட இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, போகத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தகவல் வர வேண்டும் என்று 1993-லேயே நீங்கள் விதித்தீர்கள். நல்ல விதி. செத்தால் 24 மணி நேரம். சாகக் கிடந்தால்? அதற்குக் கெடு எதுவும் இல்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முதியவர், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி என்று ஒரு கைதியைப் பற்றிப் புகார் வந்தால், ஏழு நாளுக்குள் உங்கள் ஆள் ஒருவர் ஒரு மருத்துவரோடு நேரில் போய் அவரைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி வெளியிட வேண்டும்.

இது ஒருவரோடு முடிந்த கதை என்றால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று டெல்லிப் பேராசிரியர் சாய்பாபா மீது போட்ட வழக்கில் அவரோடு தண்டிக்கப்பட்ட பாண்டு நரோட்டே, 2022 ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்தார். நாக்பூர் சிறைக் கைதி. வயது 33. வழக்கு நிற்காது என்று 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தபோது, வெளியே வர அவர் இல்லை. சாய்பாபா சக்கர நாற்காலியில் வந்தார், ஏழே மாதம் இருந்தார். அவர் இறந்த தேதி அக்டோபர் 12. அந்தத் தேதி உங்களுக்கு மறக்காது, உங்கள் ஆணையம் பிறந்த நாள் அது. ஆண்டுதோறும் டெல்லியில் விழா எடுப்பீர்கள், மாலை, குத்துவிளக்கு, உரை எல்லாம் இருக்கும். நாடுகளின் மனித உரிமை ஆணையங்கள் சேர்ந்த உலகக் கூட்டமைப்பு 2023-லும் 2024-லும் உங்களுக்கான அங்கீகாரத்தைத் தள்ளிவைத்ததே, அதைப் பற்றி யாராவது அங்கே பேசுகிறார்களா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். விழா நடக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. தயவுசெய்து அந்த ஏழு நாள் விதியை மட்டும் கொண்டுவாருங்கள். ஏழு நாள் போதாது, கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள், பேசலாம். 20 நாள் மட்டும் கேட்காதீர்கள்.

இந்த மடலுக்குப் பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி. "உங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக மாநில அரசுக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது" என்ற அந்த ஒற்றை வரிதான் பதில் என்றால், தபால் செலவை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
நடுக்குவாதத்தில் அப்பாவை இழந்த ஒரு மகன்