அந்தச் சீட்டை எடுங்கள், இல்லையென்றால் இன்னொன்று ஒட்டுங்கள்

கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்கே தெரியும். மண்டைப் புடைப்புகளுக்குக் குணப்பெயர் எழுதிய என் கேலிப்படத்தின் கீழே "ஓவியரின் தனிப்பட்ட கருத்து, அறிவியல் உண்மை அல்ல" என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். நாலு எட்டு தள்ளி, முகம் பார்த்துக் குணம் சொல்பவரின் மேசை. அங்கே எந்தச் சீட்டும் இல்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: என் சீட்டை எடுங்கள். முடியாது என்றால் அதையே அவர் மேசையிலும் ஒட்டுங்கள்.

என் படம் அறிவியல் இல்லைதான். காதுக்குப் பின்னால் "கடனை மறக்கும் புடைப்பு" இருப்பதாக யாராவது நம்பிவிடுவார்கள் என்றா பயந்தீர்கள்? உச்சந்தலை முழுக்க "ஊருக்கு அறிவுரை", அதன் ஓரத்தில் கடுகளவு "தானும் கேட்பது". பார்த்தவர்கள் சிரித்தார்கள், வேலை முடிந்தது.

இது பழைய குறும்பு. மண்டைப் புடைப்பை வைத்தே குணம் சொல்லலாம் என்ற மருத்துவர் ஃப்ரான்ஸ் யோசெஃப் கால் (Gall) மூளையை 27 உறுப்புகளாகப் பிரித்து, கொலைக்கு ஓரிடம், திருட்டுக்கு ஓரிடம், கவிதைக்கு ஓரிடம் என்று ஒதுக்கினார். ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் 1826-இல் அந்தக் கொள்கையின் குணப்பட்டியலை வைத்தே கேலிப்படங்கள் வரைந்தார். பிள்ளைப்பாசத்துக்கு, வீடு கொள்ளாத பிள்ளைகள். அதற்கும் முன்னால், லவாட்டர் என்ற பாதிரியார் முகத்தின் நிழலுருவத்தில் குணம் படித்தபோது, இயற்பியல் பேராசிரியர் லிஷ்டன்பெர்க் 1783-இல் பன்றி வால், நாய் வால், மாணவர்களின் சடை ஆகியவற்றின் நிழலுருவங்களை வைத்து அதே பக்தியோடு குணம் சொன்னார். லிஷ்டன்பெர்க்குக்கு முதுகு கூன். உடம்பை வைத்து உள்ளத்தை அளப்பவர்கள் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் படங்களின் கீழே யாரும் சீட்டு ஒட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். அந்தப் பெண் கடன் புடைப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சீட்டைப் படித்துவிட்டு, "அப்போ உண்மையானது எங்கே இருக்கு?" என்று கேட்டார். உங்கள் தன்னார்வலர் அந்த மேசையைக் கை காட்டினார். மேசைக்காரர் சொன்னார்: "நெற்றி குறுகல், கணக்கு வராது, வேறு ஏதாவது படிக்க வையுங்கள்." அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் விரலால் தன் நெற்றியை அளந்தபடியே வெளியே போனாள். அவளுடைய கணக்கு நோட்டை யாரும் கேட்கவில்லை.

"அவர் சரியாகச் சொல்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்களே" என்றீர்கள். சொல்லத்தான் செய்வார்கள். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் அனைவருக்கும், அவரவருக்கென்று எழுதியது போல, ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்தார். பெரும்பகுதி சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண், ஐந்துக்கு 4.26.

சரி, அடுத்த முறை கால் நகம் பார்த்து வேலைக்கு ஆள் எடுப்பவருக்கும் ஒரு மேசை போடுங்கள். கையெழுத்தின் சாய்வைப் பார்த்து ஆளைக் கழிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தாடையையும் காதையும் பார்த்துக் குற்றவாளியை அடையாளம் சொன்ன இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவின் வேலையைக் கேமராவிடம் ஒப்படைக்கவும் ஆள் இருக்கிறது. இவர்களில் யாருக்கும் சீட்டு கிடையாது. கார்ட்டூன் வரைபவனுக்கு மட்டும் உண்டு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: சீட்டை எடுங்கள், அல்லது இரண்டு இடத்திலும் ஒட்டுங்கள். இன்னொரு பிரதி எடுத்தால் போதும். ஒட்டும் நாடா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மண்டை வரைந்தவன்