விமான நிலையத்திலிருந்து வரும் முதியோர் ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடைபாதையில் நடக்க வழி செய்து தரக் கோரும் மனு (நான்காம் முறை)

அனுப்புநர்:
ஜார்ஜ் டவுன் மரபு வட்டாரத்தில் வருகையாளர்களை அழைத்துச் செல்லும் தமிழ் வழிகாட்டிகள், பினாங்கு.

பெறுநர்:
நடைபாதை, வடிகால் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், பினாங்கு.

பொருள்: பெங்காலான் வெல்ட் பேருந்து நிலையம் முதல் லெபோ குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் ஆலயம் வரை, கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையைத் தடையில்லாமல் ஆக்கித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே காரியத்துக்காக நாங்கள் எழுதும் நான்காவது மனு இது. முந்தைய மூன்றுக்கும் அடுவான் எண், அதாவது புகார் எண், கொடுத்தார்கள்; பதில் ஒன்றுக்கும் வரவில்லை. தங்கள் மேசைக்கு வந்து சேரும் தாள்கள் ஏராளம் என்பதை அறிவோம். அந்த வட்டாரத்தின் சந்து பொந்தெல்லாம் தாங்கள் அறிந்தவை. ஆகவே ஊரை விவரிக்காமல், கால் வைக்கும் தரையைப் பற்றி மட்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர். 401இ பேருந்தில் ஏறினால் மாறி ஏறாமல் பெங்காலான் வெல்டில் இறங்கலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் தொடங்கியது. அந்நாளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் இந்தத் துறையில்தான் வந்து இறங்கினார்கள். தாத்தா இறங்கிய இடத்தையும் அவர் கும்பிட்ட கோயிலையும் பார்க்க இன்று பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கூடவே எழுபது வயது அம்மாக்களையும் அழைத்து வருகிறார்கள்.

2. ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு மணி நேரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். பேருந்தில் ஊருக்குள் வர ஒரு மணி, திரும்ப ஒரு மணி. தொழிற்சாலைகள் விடும் நேரமானால் அதற்கும் மேல். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பியிருக்க வேண்டும். மிச்சம் இரண்டே மணி நேரம். இதற்குள் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லெபோ சூலியா முனையில் நாகூர் தர்கா, முடிந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை, ஒரு வேளை சாப்பாடு. தூரங்கள் சிறியவை என்பதால் முடியும். பேருந்து நிலையத்திலிருந்து ஆலயத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. திடமான ஆளுக்குப் பத்து நிமிட நடை. கைத்தடியோடு நடக்கும் ஒருவருக்கு அதே வழி அரை மணி நேரம் பிடிக்கிறது. போக அரை, வர அரை. இரண்டு மணியில் பாதி தரையிலேயே கரைந்துவிடுகிறது.

3. பெங்காலான் வெல்ட் சாலையைக் கடப்பதும் கடினம்தான். பொறுத்திருந்தால் கடந்துவிடலாம் என்பதால் அதை இங்கே வளர்க்கவில்லை.

4. எங்களை வதைப்பது ஐந்தடி. காக்கி லீமா என்று எல்லாருக்கும் தெரிந்த, நம் ஆட்கள் அஞ்சடி என்று சொல்லும் அந்த நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் என்றே கட்டப்பட்டது. கடைச் சுவரிலிருந்து தூண் வரை ஐந்து அடி, அதாவது 152 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். தள்ளுபவரின் கை முட்டி சுவரில் உரசாமல் போக 90 வேண்டும். ஆக, 152இல் 90 நடப்பவருக்கு, 62 கடைக்காரருக்கு என்று பிரித்தாலே இரு தரப்புக்கும் போதும். நடப்பது என்ன? மோட்டார் சைக்கிளைச் சாய்வாக நிறுத்தினால் அதுவே 90ஐ எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 62. நாற்காலி நுழையாது. எதிரே இன்னொருவர் வந்தால் கைத்தடிக்காரரும் ஒதுங்க முடியாது. அடுத்த கடையில் அரிசி மூட்டை, அதற்கடுத்து துணி மாட்டும் கம்பி, அதற்கடுத்து எரிவாயுத் தோம்பு. ஒரு வரிசையில் ஒரே ஒரு கடை மறித்தாலும் அந்த வரிசை முழுவதும் வீண், ஐயா. அந்த இடத்தில் சாலைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்குவது எளிதா? ஐந்தடியின் விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே லோங்காங் என்னும் வடிகால். லெபோ பாசாரில் ஒரு பக்கம் நிறுத்திய கார்கள், மறு பக்கம் சரக்கு இறக்கும் லாரி, நடுவில் வண்டிகள். நாற்காலியில் இருப்பவரை இரண்டு பேர் தூக்கி இறக்கி, மறித்த கடையைச் சாலை வழியே சுற்றி, மறுபடி தூக்கி ஏற்ற வேண்டும். லெபோ பினாங்கிலிருந்து லெபோ குயின் போவதற்குள் எத்தனை முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று இதனுடன் உள்ள அளவுப் பட்டியலில் கடை கடையாகக் குறித்திருக்கிறோம். முந்தைய மூன்று மனுக்களிலும் இதே பட்டியலை இணைத்திருந்தோம்.

சக்கர நாற்காலிக்காரர் சிலர்தானே என்று நினைத்துவிட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வருகிறவர் கையில் பெட்டி இருக்கும். அதன் சக்கரம் ஐந்து சென்டிமீட்டர்தான். நாற்காலி தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் பெட்டியும் தடுமாறும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அம்மா என்று வருபவர் எதைத் தூக்குவார்?

5. மறிப்பு ஒன்று, மேடு பள்ளம் இன்னொன்று. தரை கடலை நோக்கிச் சரிகிறது. கடைவீடுகள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை. அதனால் ஒரு கடையின் ஐந்தடிக்கும் அடுத்ததற்கும் மட்டம் ஒன்றாக இராது. இது பழைய குறை, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பழைய தரை ஓட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சிமெண்டு பூசிப் புது ஓடு பதிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுகிறது. இரண்டு முறை பதித்தால், காலைத் தூக்காமல் இழுத்து நடக்கும் முதியவரைக் கவிழ்க்க அது போதும். பளபளப்பான ஓடானால் மழைச் சாரலில் வழுக்கும். சாலைக்கும் இதே கதிதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சாலை உயர்ந்து, தண்ணீர் லோங்காங்கில் விழாமல் ஐந்தடிக்குள் ஏறுகிறது. லெபோ பந்தாய் ஒரு காலத்தில் கடற்கரை. அதற்கு அப்பால் பெங்காலான் வெல்ட் வரை கடலைத் தூர்த்த நிலம். கடல் ஏற்றமும் அடைமழையும் சேர்ந்தால் லோங்காங் வடியாது. அக்டோபரில் வந்து பார்த்தால் விளங்கும்.

இதற்கு நாங்கள் கேட்பது சாய்வுப் பலகை. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வு விகிதம் தங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது சிலர் இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல மனதோடு வைத்ததுதான், ஆனால் அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். கடையின் முகப்பு ஐந்து ஆறு மீட்டர் இருப்பதால் 180 சென்டிமீட்டருக்கு இடம் இருக்கிறது. இரும்புச் சட்டம், மேலே சொரசொரப்பான தகடு, இரு ஓரத்திலும் சக்கரம் நழுவாதபடி இரண்டு அங்குல விளிம்பு. தரையில் துளை போட வேண்டாம், பழைய தரை ஓடுகளை உடைக்க வேண்டாம், வேண்டாதபோது தூக்கிவிடலாம். மரபுக் கட்டடம், கை வைக்கக் கூடாது என்ற பதில் இதற்குப் பொருந்தாது.

6. லோங்காங் மூடிகள். லாரிச் சக்கரம் ஏறி உடைந்த சிமெண்டு மூடிக்குப் பதிலாகக் கம்பி மூடி போடுகிறார்கள். கம்பிகள் நடக்கும் திசைக்கு இணையாக ஓடினால் பெட்டிச் சக்கரமும் கைத்தடி நுனியும் இடுக்கில் இறங்கி மாட்டும். குறுக்காக ஓடினால் மாட்டாது. அதே மூடியைத் திருப்பிப் போட்டால் போதும். எங்கே திருப்ப முடியாதோ அங்கே மட்டும் 12 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத மூடி மாற்ற வேண்டும். இதற்குமா நான்கு மனு?

ஐயா, கடைக்காரர்களுக்கு எதிராக நாங்கள் எழுதவில்லை. பூக்கட்டும் அம்மாவின் மேசை இரண்டடிதான். அது அங்கே இருக்க வேண்டும். மல்லிகை வாசம் இல்லாத லெபோ குயினை யார் பார்க்க வருவார்கள்? பொருள்களைப் பறிமுதல் செய்யும் சோதனை எங்களுக்கு வேண்டாம். சோதனை வரும் நாளில் சாமான்கள் உள்ளே போகின்றன, வண்டி திரும்பிய அரை மணியில் வெளியே வந்துவிடுகின்றன. தரையில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். சுவரிலிருந்து 62 சென்டிமீட்டரில் ஒரே நேராக, வரிசை முழுவதும். கோட்டுக்கு உள்ளே அவர்கள், வெளியே நடப்பவர்கள். சந்தேகத்துக்கு இடமில்லை, வாக்குவாதத்துக்கும் இடமில்லை. மோட்டார் சைக்கிள்களுக்குச் சாலையோரத்தில் இரண்டு கார் நிறுத்துமிடத்தை ஒதுக்கினால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு நடைபாதையை மறிப்பதைத் தடுக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களை அடையும் உரிமையைத் தருகிறது. அதே 2008 ஜூலை 7ஆம் தேதிதான் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறியது. அதன் மையப் பகுதி 109 ஹெக்டேர். அத்தனையையும் சீராக்கச் சொல்லவில்லை. ஒரு வழி, ஒரே ஒரு வழி கேட்கிறோம்: காட் லெபோ சூலியா, லெபோ பினாங்கு, லெபோ பாசார், லெபோ குயின்.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்திய நாள் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது; 2017 முதல் லெபோ குயினிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. அந்த நாளுக்கு முன் சாலை காலியாகிறது, வண்டிகள் விலகுகின்றன, உடைந்த மூடிகள் மாறுகின்றன. ஒரே இரவில்! ரதச் சக்கரத்துக்கு வழி கிடைக்கும் ஊரில், அந்த ரதத்தைக் கும்பிட வந்த கிழவியின் நாற்காலிச் சக்கரத்துக்கு மற்ற 364 நாளும் ஏன் வழி இல்லை? இதற்கு யார் பதில் சொல்வது? மூன்று அடுவான் எண்களை வைத்துக்கொண்டு நாங்கள் யாரைக் கேட்பது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். ஒவ்வொரு வாரமும் ஆலய வாசலுக்கு இருநூறு அடி தள்ளி நின்று, "இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன், நேரமாச்சு, திரும்பிடலாம்" என்று சொல்பவர்களை மறுபடி பேருந்துக்கு அழைத்துப் போகும் வேலை எங்களுடையது.

7. விமான நிலையத்தை ஆண்டுக்கு 6.5 மில்லியன் பயணிகளிலிருந்து 12 மில்லியனுக்கு விரிவாக்குகிறார்கள். இலகு ரயிலும் வரப்போகிறது. வருபவர்கள் கூடினால் மறிப்பும் கூடும். அப்போது கோடு போட இதைவிடக் கடினமாக இருக்கும்.

ஆகவே தங்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு காலை நேரம், கோயில் நடை சாத்துவதற்கு முன், ஓர் அளவு நாடாவோடும் ஒரு காலிச் சக்கர நாற்காலியோடும் பெங்காலான் வெல்டிலிருந்து எங்களோடு நடந்து வாருங்கள். நாற்காலியை நாங்கள் கொண்டு வருகிறோம். மஞ்சள் கோடு, சாய்வுப் பலகை, திருப்பிப் போட்ட மூடி, மோட்டார் சைக்கிளுக்கு இடம்: இந்த நான்கில் எது முடியும், எது முடியாது, எப்போது முடியும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்பதானாலும் எழுத்தில் தாருங்கள். ஐந்தடியைத் திறந்து தாருங்கள், ஐயா.

இணைப்பு: கடைவாரியான அகல, மட்ட அளவுப் பட்டியல்; முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள வழிகாட்டிகள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.