கபடி தொழிலாக வேண்டுமானால்

ஆசிரியருக்கு,

நம்மவர்கள் குடியேறிய நாட்டில் கபடியைத் தொழிலாக நடத்த முனைவோர் பற்றிய கட்டுரை படித்தேன். மட்டை, பந்து என்று விற்க இதில் ஒன்றுமே இல்லை. அணிக்கு 7 பேர், கீழே மேட், அவ்வளவுதான். டிக்கெட்டிலும் பயிற்சிக் கட்டணத்திலும்தான் காசு பார்க்க வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் பஞ்சாபியர் வளர்த்தது வட்டக் களக் கபடி. ஆசியப் போட்டிகளில் 1990 முதல் ஆடுவதோ செவ்வகக் களத்தில். எதைக் கற்றுத்தருவது என்பதை முதலிலேயே முடிவு செய்யட்டும். அப்புறம், நம்மவர்கள் மட்டுமே கூடி ஆடினால் அது திருவிழா ஆட்டமாகவே நின்றுவிடும். மற்றவர்களும் இதில் கலக்குவார்கள்: 2018 ஆசியப் போட்டியில் கபடியின் ஆண்கள், பெண்கள் இரு தங்கமும் ஈரானுக்குத்தான் போயின! ஸ்பான்சர் தேடி அலையுமுன் உள்ளூர்ப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பிடிக்கலாம். எதிரணிக் களத்துக்குள் ஒருவர் புகுந்து தொட்டுத் திரும்பும் 30 விநாடி ரெய்டு ஒன்றைப் பார்த்தால் பிள்ளைகள் தாமே களத்தில் இறங்கிவிடுவார்கள்.

– வாசகர் ஒருவர்