பார்சலில் கருப்பட்டி இல்லை

மூக்கையூர்
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பார்சலில் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ இருக்கிறது, உன் அம்மா காயப்போட்டது, மண் இருக்காது. கச்சான் காற்று விடவில்லை. நாலு நாளாக வல்லம் கரையில்தான் கிடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

பத்து நாளாக நீ போன் பண்ணவில்லை. போன தடவை குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குமட்டிக்கொண்டு வந்தது என்றாய். ரத்தத்தில் எவ்வளவு வந்தது என்று அம்மா கேட்டதும் 'நார்மல்தான்' என்று போனை வைத்துவிட்டாய். பத்தாவது மார்க்கையும் இப்படித்தான் சொன்னாய்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொண்டு வருகிற பெண்ணிடமும், சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடமும் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். சர்க்கரை நோய் டாக்டர் சேஷய்யா தமிழ்நாட்டில் கணக்கெடுத்தபோது பட்டணத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 18 பேருக்கு இருந்ததாம், கிராமத்தில் 10 பேருக்கு. அதனால் உனக்கு இருந்தாலும் அது அதிசயமும் இல்லை, உன் தப்பும் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஏதோ ஒன்று இன்சுலினை வேலை செய்ய விடாதாம். ஆனால் நீ நடக்க வேண்டும். சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

யாருக்கெல்லாம் வரும் என்று கேட்டேன். வயது கூடினால், எடை கூடினால், நீர்க்கட்டி இருந்தால் என்றார்கள். உனக்கு 31. நீர்க்கட்டிக்கு நீ மருந்து சாப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடைசியாக ஒன்று சொன்னார்கள். பெற்றவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தாலும் வருமாம்.

அந்தப் பெண் நம் வீட்டுக்கு இரண்டு பேருக்கு மாத்திரை கொண்டு வருகிறாள், பாப்பா.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா, "உங்க பக்கம் சுகர் கிகர் உண்டா?" என்று கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டு, "கடல் காத்துல கிடக்குற உடம்பு, எங்க வம்சத்துலயே கிடையாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும்தான். அப்போது நான் மாத்திரை போட ஆரம்பித்து இரண்டு வருஷம். கல்யாணத்தன்று காலில் துணி சுற்றியிருந்தேனே, திருக்கை முள் குத்தியது என்று சொன்னேனே, அது முள் இல்லை. சிப்பி கீறியது, மூன்று மாதம் ஆறவே இல்லை. மாத்திரை அட்டை வலை ஊசிப் பெட்டிக்குள் இருக்கும். அம்மாவுக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று உன் டாக்டர் கேட்டிருப்பார். என்னை நம்பி நீ இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய். நாளைக்கே போய் மாற்றிச் சொல். மாப்பிள்ளையிடமும் சொல். மாமியார் ஏதாவது சொன்னால் எங்கப்பா பொய் சொல்லிவிட்டார் என்று சொல்லு. வளைகாப்புக்கு வரும்போது நானே அவர்கள் முன்னால் நின்று சொல்கிறேன்.

சாப்பாட்டைக் குறைத்து நடந்தாலே நிறையப் பேருக்குக் கட்டுக்குள் வந்துவிடுமாம். இன்சுலின் எழுதினால் பயப்படாமல் போட்டுக்கொள். பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டுமாம், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அதை விட்டுவிடாதே. அப்புறம் நட, பாப்பா. மாடிப் படியாவது ஏறு.

சாயல்குடிக் கருப்பட்டி இந்தத் தடவை வைக்கவில்லை. சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று மாசாமாசம் உனக்கு அனுப்பியவனும் நான்தான். அதைச் சொல்லியே நானும் டீயில் போட்டுக் குடித்தேன். மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு.

போனில் பேசப் பிடிக்கவில்லை என்றால் சரி, அந்த எண்ணை மட்டும் அனுப்பு. என்னுடையது போன வாரம் 212.

அப்பா