சைக்கிள் லக்கேஜா, பார்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மலை சைக்கிள் ரேஸ் பத்தி வந்ததை என் பொண்ணுதான் எடுத்துக் காட்டுச்சு. நம்ம ஊரு பிள்ளைங்க வெளி மாநில ரேஸுக்குப் போறது கம்மி, ஆர்வம் பத்தலன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு, படிச்சதுல இருந்து மனசு கேக்கல. ஆர்வமெல்லாம் நிறைய இருக்குங்க. சைக்கிளக் கொண்டு போறதுக்குத்தான் வழி இல்ல.

நான் திண்டுக்கல்ல ஏசி மெக்கானிக். பாப்பா காலேஜ் ரெண்டாவது வருஷம், வாரத்துல மூணு நாள் விடியக்காலம் சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவையும் ஏறி எறங்கிட்டு வந்துதான் காலேஜுக்கே கிளம்பும். மொதல்ல நான்கூட ஏதோ பசங்க வீலிங் அடிக்கிற மாதிரி விளையாட்டுன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கிராஸ் கன்ட்ரின்னா 4லருந்து 6 கிலோமீட்டர் ஒரு சுத்து, அதுலயே மேடு, பாறை, மர வேரு, சேறு எல்லாம் வரும், அதத் திரும்பத் திரும்ப ஒன்னேகால் ஒன்றரை மணி நேரம் ஓட்டணும், 1996 அட்லாண்டாவுல இருந்து ஒலிம்பிக்ஸ்லயே இருக்குன்னு. பெரிய ரேஸ் எல்லாம் ரொம்ப தூரம்னும் சொல்ல முடியாது. 2023 அக்டோபர்ல ஆசிய சாம்பியன்ஷிப்பே திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில நடந்துச்சு. வயநாட்டுல மானந்தவாடி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ள எம்டிபி கேரளாங்கிற மலை சைக்கிள் ரேஸ் நடக்குது. நாங்க போனது வயநாட்டுக்கு.

பேக்கிங்ல இருந்து சொல்றேன், ஏன்னா பாதி கூத்து அங்கதான். சைக்கிள் கடையில புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டி ஒன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். முன் வீலக் கழட்டணும், ஹேண்டில்பாரத் திருப்பி ஃப்ரேமோட சேத்துக் கட்டணும், சீட்ட உருவணும், பெடல் ரெண்டையும் கழட்டணும். இடது பெடல் மரை தலைகீழா சுத்தும், அது தெரியாம கால் மணி நேரம் மல்லுக்கட்டுனேன், இருபது வருஷமா ஸ்பேனர் புடிச்ச கை, வெக்கமா போச்சு. ஃப்ரேமுக்கு நம்ம ஏசி பைப்புக்குச் சுத்துற கறுப்பு ஃபோமயே வெட்டி மாட்டுனேன், அதப் பாத்து பாப்பாவோட ஃப்ரெண்ட்ஸுங்க இப்ப அவங்களுக்கும் கேக்குறாங்க. டிஸ்க் பிரேக்குக்கு நடுவுல ஒரு அட்ட துண்டு வைக்கணுமாம், இல்லன்னா வீல் இல்லாதப்ப யாராவது லீவர அமுக்குனா பேட் ரெண்டும் ஒட்டிக்கும். அத வச்சேன். ஆனா பின்னாடி கியர் மாத்துற டீரெயிலரக் கழட்டி உள்ள தள்ளிக் கட்டணும்னு எனக்குத் தெரியல, பாப்பா பரிச்சைல இருந்துச்சு, நானே மூடி டேப் ஒட்டிட்டேன். அந்த ஒரு தப்பு என்மேலதான்.

கோயம்புத்தூர் வரைக்கும் தெரிஞ்ச பையனோட டெம்போ. அங்கருந்து கோழிக்கோட்டுக்கு ரயில். இங்கதாங்க விஷயமே. ரயில் பெட்டிக்குள்ள கொண்டு போற பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உசரத்துக்கு மேல இருக்கக் கூடாது. இப்ப வர்ற 29 இஞ்ச் சைக்கிளோட வீல் மட்டுமே டயரோட 74 சென்டிமீட்டர் கிட்ட வருது, அப்ப முழு சைக்கிள எங்க வைக்க. இலவச லக்கேஜ் கணக்குலயும் சைக்கிள் சேராது. சரி, காசு கட்டிப் போடுவோம்னு ஸ்டேஷன்ல (எந்த ஸ்டேஷன்னு வேணாம்) கவுண்டருக்குப் போனேன். அவரு பெட்டியப் பாத்தாரு, எடை போட்டாரு, பார்சல்னு சீட்டு போட்டுக் குடுத்துட்டாரு. நானும் ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சு வாங்கிட்டேன்.

ஒன்னு இல்லைங்க. லக்கேஜ்னு புக் பண்ணா நம்ம டிக்கெட்டக் காட்டி, வண்டி கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்னாடியே பெட்டியக் குடுத்துட்டா, நாம போற வண்டியிலயே பிரேக் வேன்ல, அதான் சாமான் ஏத்துற பெட்டியில, வரும். பார்சல்னா எந்த வண்டியில எடம் இருக்கோ அதுல வரும், இன்னைக்கும் வரலாம் நாளைக்கும் வரலாம். இந்த வித்தியாசத்த எனக்குச் சொன்னது யாரு தெரியுமா, கோழிக்கோட்டுல எறங்கி பெட்டி வரலன்னு முழிச்சிட்டு நின்னப்ப ஒரு போர்ட்டர். மலையாளமும் தமிழும் கலந்து பேசி, சாயா வாங்கிக் குடுத்து, ‘அடுத்த வண்டி பாக்கலாம் சேட்டா’ன்னாரு. அடுத்த வண்டியிலயும் வரல. அதுக்கடுத்ததுலயும் வரல. புளிசாதம் காலி. மறுநாள் மத்தியானம் வந்துச்சு, பெட்டி தலைகீழா, ஒரு மூல நசுங்கி.

அந்த ஒரு நாள் தாமதம் என்னா பண்ணிரும்னு கேக்கலாம். ரேஸுக்கு முந்துன நாள்தான் டிராக்க ஓட்டிப் பாக்க விடுவாங்க. எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் ஒதுங்கணும், எங்க கியர கொறைக்கணும்னு மனசுல பதிய வைக்கிறது அன்னைக்குத்தான். பாப்பா கோழிக்கோடு பிளாட்ஃபாரத்துல ஒக்காந்து போன்ல யாரோ ஓட்டுன டிராக் வீடியோவப் பாத்துட்டு இருந்துச்சு.

பெட்டி வந்ததும் மலையேறுற பஸ்ஸுக்கு ஓடுனோம். ஒரு கண்டக்டர் ரெண்டு ஆள் டிக்கெட்னாரு, சரின்னேன், ஏத்தப் போறப்ப டிரைவர் வேணாம்னுட்டாரு. அடுத்த பஸ் நிக்கவே இல்ல. கடைசில ஜீப் புடிச்சு 2,500 ரூவா குடுத்து தாமரச்சேரி சுரம்ங்கிற மலைப்பாதையில 9 வளைவும் ஏறி ராத்திரி போய்ச் சேந்தோம். (சுரம் அழகுதான், ஆனா பாக்குற மனநிலையில நான் இல்ல.)

ராத்திரி லாட்ஜ்ல பெட்டியப் பிரிச்சா டீரெயிலர் தொங்குற ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சு கெடக்கு. அது ஒரு சின்ன அலுமினியத் துண்டு, அடி பட்டா ஃப்ரேம் உடையாம அது வளையணும்னே செஞ்சு வச்சிருக்காங்க. பெரும்பாலும் ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் அது வேற வேற வடிவம், அடுத்தவங்ககிட்ட கேட்டு வாங்குனாலும் பொருந்துறது கஷ்டம். காப்பர் பைப்ப வளைச்சுப் பழகுன கைதான், ஆனா அலுமினியம் ரெண்டாவது தடவ வளைச்சா விரிசல் விட்டாலும் விட்ரும், ஆலன் கீய மாட்டி மூச்சப் புடிச்சுகிட்டு மெதுவா நிமித்துனேன். கியர் எட்டு வேல செஞ்சுது, மீதி தாவுது. ‘போதும்ப்பா, தூங்குங்க’ன்னுச்சு பாப்பா.

காலைல மொத சுத்து நல்லாத்தான் போச்சு, நடுக்கூட்டத்துல வந்துச்சு. ரெண்டாவது சுத்துல ஒரு பாறை எறக்கத்துல செயின் போய் ஸ்போக்குக்குள்ள மாட்டிகிச்சு. எங்க வேணாலும் போய் நாம உதவ முடியாது, டெக் ஸோன்னு ரிப்பேருக்கு ஒதுக்குன எடத்துல மட்டும்தான் கை வைக்கலாம், அது வரைக்கும் சைக்கிளத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு, முழங்கால்ல ரத்தம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல இதே ரேஸ்ல தங்கம் வாங்குன இங்கிலாந்துக்காரர் டாம் பிட்காக்குக்கே நடுவுல பஞ்சர் ஆகி வீல் மாத்திட்டுப் போய்த்தான் ஜெயிச்சாரு, அதச் சொல்லி அனுப்புனேன். ஆனா அதுக்குள்ள நேரம் போயிருச்சு. இதுல 80 சதவீத ரூல்னு ஒன்னு இருக்கு, முன்னாடி போறவங்க மொத சுத்த 15 நிமிஷத்துல முடிச்சாங்கன்னு வைங்க, அதுல 80 சதவீதம் 12 நிமிஷம், அவ்ளோ பின்தங்கிட்டா நிறுத்தி எறக்கிருவாங்க. எறக்கிட்டாங்க. ரிசல்ட்ல பேருக்கு நேரா மைனஸ் ரெண்டு லேப்னு, அதாவது ரெண்டு சுத்து கம்மின்னு போட்ருந்துச்சு. ரேஸ் நடத்துனவங்க மேல ஒரு கொறையும் இல்ல, ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான்.

நான் பெருசா ஒன்னும் கேக்கல. கொச்சி மெட்ரோவுல 2020ல இருந்து சைக்கிள உள்ளயே தள்ளிட்டுப் போக விடுறாங்க, அந்த அளவுக்கெல்லாம் வேணாம். கவுண்டர்ல ‘நீங்களும் இதே வண்டியிலயா போறீங்க, அப்ப லக்கேஜ்னு போடுங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, இல்ல அத செவுத்துல தமிழ்ல எழுதிப் போடச் சொல்லுங்க. பஸ்ல சைக்கிள் பெட்டிக்கு இன்ன ரேட்டுன்னு ஒன்னு இருந்து அத எழுதி ஒட்டுனாங்கன்னா கண்டக்டரும் டிரைவரும் ஆளுக்கொன்னு சொல்ல மாட்டாங்க. ரேஸ் போற பிள்ளைன்னு சர்ட்டிபிகேட் காட்டச் சொன்னாக்கூட காட்றோம்.

அடுத்த ரேஸுக்கு பாப்பா பேரு குடுத்தாச்சு. புது ஹேங்கர் ரெண்டு ஆர்டர் போட்டு ஒன்ன என் பர்ஸ்லயே வச்சிருக்கேன், அட்டைப்பெட்டியும் வாங்கி பரண்மேல கெடக்கு. சைக்கிள லக்கேஜா புக் பண்ணி ஒழுங்காக் கொண்டு போய்ச் சேத்த ரேஸ் பிள்ளைங்களோ பெத்தவங்களோ இதப் படிச்சா எப்படிப் பண்ணீங்கன்னு இந்தப் பகுதிக்கே எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்,
திண்டுக்கல்