மன்னிக்கச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"கிறிஸ்தவராக இருந்துகொண்டு இன்னும் மனதில் வைத்திருக்கலாமா?" சபையில் ஒருவர் காயப்பட்டு நிற்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான். மன்னிக்க வேண்டும் என்பதில் வேதத்தில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்கு இயேசு காட்டிய வழியை விட்டுவிட்டு, கட்டளையை மட்டும் அடிபட்டவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், எத்தனை முறை மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு சொன்ன 'ஏழெழுபது தரம்' வருவது 22-ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, 15 முதல் 17 வரை, தவறு செய்தவரிடம் எப்படிப் போக வேண்டும் என்று இருக்கிறது. முதலில் தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்த வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. நடைமுறையில் முதல் படிதான் தவறிப்போகிறது. விஷயம் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் நாலு பேர் காதுக்குப் போய்விடுகிறது. சம்பந்தப்பட்டவருக்கு அது எட்டும்போது, அவர் தன் தவறை நினைப்பதில்லை. தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

தனியாகப் பேசும்போது ஒரே ஒரு சம்பவத்தைப் பேசுங்கள். என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு என்பது போதும். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று பழைய கணக்கைத் திறந்தால், அதில் ஏதாவது ஒன்றை மறுத்தே அவர் முழுவதையும் தட்டிவிடுவார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

மன்னிப்புக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்பது மன்னிப்புக் கேட்பதே ஆகாது. செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். பணமோ பொருளோ போயிருந்தால் திருப்பித் தர வேண்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

"இது ஒரு சின்ன விஷயம், விட்டுவிடுங்கள்" என்பதும் இயேசு சொல்லாத ஆலோசனை. அவர் சொன்ன உவமையில் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி, எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. அதை ராஜா முழுவதும் தள்ளுபடி செய்தார். அவனுக்கு உடன்வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். அதுவும் சில்லறைக் காசல்ல, மூன்று மாதத்துக்கும் மேலான கூலி! அந்த இழப்பு நிஜம் என்பதை இயேசு மறைக்கவில்லை. அதைவிடப் பல லட்சம் மடங்கு நமக்குத் தள்ளுபடியாகியிருக்கிறது என்பதால்தான் மன்னிக்கச் சொல்கிறார்.

மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரர் பிற்பாடு எதிரே வந்தபோது, யோசேப்பு அவர்களிடம் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா தன்னையே அடிமையாகத் தர முன்வந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார். 1981 மே 13 அன்று தன்னைச் சுட்டவரை நான்கே நாளில் மன்னித்ததாக அறிவித்தார் போப் இரண்டாம் ஜான் பால். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவரோடு பேசினார். ஆனாலும் அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடமும், சீரழிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோரிடமும் "மன்னித்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்குங்கள்" என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் அவர்களுக்குப் பாதுகாப்பு. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும்.

மன்னித்த பிறகும் கோபம் திரும்ப வரும். அதனால் மன்னித்தது பொய்யாகிவிடாது; வரும்போதெல்லாம் அந்த நபரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டியதுதான்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய், மனத்தாங்கல் உள்ளவரோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) அன்று காலையில் இதை வாசித்தால் யாருக்கும் போய்வர நேரமில்லை. முந்தின ஞாயிறே அறிவியுங்கள். நடுவில் ஒரு வாரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்